கவிதையைக் கூடிப் பேச ஒரு வாசிப்பு வட்டம்: தொடங்கி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறையில் மாதம் ஒருமுறை கவிதை வாசித்துப் பேசும் வட்டம் ஒன்றை நடத்துகிற மூவரில் ஒருத்தி நான். எங்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டுத் தங்கள் பகுதியிலும் தொடங்க விரும்பியவர்கள், வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் தொடங்கிச் சில மாதங்களில் நிறுத்திவிட்டவர்கள் என இரு தரப்பினரிடமும் நிறையப் பேசியிருக்கிறேன். ஆர்வம் குறைந்ததால் எந்த வட்டமும் நின்றதாகத் தெரியவில்லை. வேலைகளைச் செய்த வரிசை தவறியதால்தான் அவை நின்றன.

பெரும்பாலோர் முதலில் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குகிறார்கள். அடுத்து இடம் தேடுகிறார்கள். பிறகு ஒரு விருந்தினரை அழைக்கிறார்கள். எதை வாசிப்பது என்ற கேள்வி கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் எழுகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். வாசிக்கப் போகும் பிரதி, அதாவது அந்தக் கவிதையோ கதையோ, முதலில் தயாராகிவிட்டால், இடம், நேரம், ஆட்கள், குழு ஆகிய ஒவ்வொன்றும் அதற்கேற்ப அமையும்.

1. முதலில் மூன்று பேர்

தனியாகத் தொடங்க வேண்டாம். மூன்று பேர் சேரும்வரை காத்திருங்கள். ஒருவர் பிரதியைத் தேர்ந்தெடுத்து அச்சிடுபவர். இன்னொருவர் இடத்தையும் அறிவிப்பையும் கவனிப்பவர். மூன்றாமவர் கூட்டத்தை நடத்தும் நெறியாளர்.

ஒருவரே மூன்றையும் செய்யும்போது, அவருக்குக் காய்ச்சல் வந்த மாதம் கூட்டமும் நடப்பதில்லை. முதல் அரையாண்டுக்குள் ஒரு மாதம் விட்டுப்போனாலே வருபவர்களின் பழக்கம் அறுந்துவிடும். பிறகு அவர்களை மீண்டும் வரவழைப்பது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினமாகிவிடுகிறது.

பிரதியைத் தேர்ந்தவரே அதை நெறிப்படுத்தவும் கூடாது. அவருக்கு அந்தக் கவிதை மிகவும் பிடித்திருக்கும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடத் தோன்றும். பதில் உடனுக்குடன் கிடைக்கும் இடத்தில் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

2. நான்கு மாதங்களுக்கான பிரதிகள்

முதல் அறிவிப்பு வெளியாகும் முன்பே நான்கு மாதங்களுக்குரிய பிரதிகள் கையில் இருக்க வேண்டும். முதல் கூட்டம் முடியும்போது "அடுத்த மாதம் என்ன?" என்று கேட்பவர்களிடம் ஒரு தாளை நீட்ட முடிகிற வட்டத்தின்மேல் நம்பிக்கை பிறக்கிறது. "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதில் அந்த நம்பிக்கையை அங்கேயே குறைத்துவிடுகிறது.

தொடக்கத்தில் நாவல் வேண்டாம். நாவல் என்றால் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரால் அது முடியாது. படிக்காமல் வந்தவர்கள் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த மாதம் வராமலே இருந்துவிடுவார்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் கவிதை என்றால், அறைக்குள் நுழைந்த பிறகுதான் எல்லோருமே அதைப் படிக்கிறார்கள். பேராசிரியரும் லேத் பட்டறையில் வேலை செய்பவரும் ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று சோதனைகளை வைத்துக்கொள்கிறேன். நிதானமாக உரக்கப் படித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் வாசிப்பில் பிடிபடாத ஓர் இடமேனும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் எல்லாம் புரிந்துவிட்ட கவிதையைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது. கவிஞரின் வாழ்க்கை தெரியாதவரும் அதற்குள் நுழைய முடிய வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, கருத்துக்காகக் கவிதையைத் தேர்வது. ஒரு சமூகப் பிரச்சினை குறித்த தங்கள் நிலைப்பாட்டைச் சொல்கிறது என்பதற்காக ஒரு கவிதையை எடுத்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு முழுவதும் அந்தப் பிரச்சினைக்குப் போய்விடும். பிரச்சினையைப் பேச வேறு மேடைகள் உண்டு. கவிதையின் வரிகளைப் பேச இந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே உண்டு. பிரச்சினையைப் பேசுகிற கவிதையை விலக்குங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அது சொல்லப்பட்ட விதத்திலும் பேசுவதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள் என்பதே நான் சொல்வது.

முதல் கூட்டத்துக்குக் குறுந்தொகையைத் துணிந்து எடுக்கலாம். சங்கப் பாடல் என்றதும் புதியவர்கள் மிரள்வார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் அதன் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் முடிபவை. கடினமான சொற்களுக்குப் பொருளைத் தாளின் அடியில் தந்துவிட்டால், பொருள் தெரியாதது எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதால் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. மூன்றாம் பாடலை நாங்கள் எடுத்தோம். அதை நடத்திய விதத்தை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

பிறகு வரும் மாதங்களில் நிறுத்தற்குறி இல்லாத ஒரு நவீனக் கவிதை, மூன்று நான்கு பக்கச் சிறுகதை, ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே வகையைத் தொடர்ந்தால் அந்த வகையில் தேர்ந்தவர்கள் மட்டுமே பேசத் தொடங்குவார்கள்.

உரிமை குறித்தும் இப்போதே தெளிவாகிவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளில் வெளியான படைப்புகளுக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாரதியாரின் எழுத்துகளைப் போலவும் அரசு நாட்டுடைமையாக்கிய பிறரது நூல்களைப் போலவும் உள்ளவற்றை எடுத்தால் தயக்கமே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகைய நூல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பழைய இலக்கியங்களுக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. இன்று எழுதிக்கொண்டிருக்கும் கவிஞரின் ஒரு கவிதையைப் பேச எடுத்தால், தொகுப்பின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் தாளில் அச்சிட்டு, நூலின் ஒரு படியை விலை கொடுத்து வாங்கிவந்து மேசைமேல் வையுங்கள். முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடுவதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும். ஒருமுறை அனுமதித்தால் பிறகு நிறுத்தவே முடியாது.

3. ஒரே தாள், எல்லோர் கையிலும்

வருபவர்களின் எண்ணிக்கையைவிட ஐந்து படிகள் கூடுதலாக ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு தாளை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவர்தான் படிப்பார், மற்றவர் கேட்பார். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதீர்கள். போனைக் கையில் எடுத்தவருக்கு இடையில் வேறு செய்தி வந்துவிடும். சிறிய திரையில் நீண்ட அடி மடங்கி இரண்டாகத் தெரிவதால், கவிஞர் எங்கே அடியை முறித்தார் என்பதும் தெரியாமல் போகும்.

தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஏனெனில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர் ஒருவராவது இருப்பார். இடப்பக்கம் அடிகளுக்கு எண் கொடுங்கள். "அந்த மழை வருகிற இடத்தில்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தேடிக்கொண்டிருப்பதைவிட, "ஏழாவது அடியில்" என்று சொல்வது பேச்சைப் பிரதியோடு கட்டிவைக்கிறது. வலப்பக்கம் குறிப்பெழுத இடம் விடுங்கள்.

பழைய பிடிஎஃப் கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டினால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்தவை யூனிகோடில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். புதிதாகத் தட்டச்சு செய்வதே நல்லது. குரல்வழித் தட்டச்சு செய்பவர்கள் ல, ள, ழ மூன்றையும் அச்சிட்ட நூலோடு ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும். எங்கள் மூன்றாவது கூட்டத்தில் "வலி" என்று அச்சாகியிருந்த ஒரு சொல்லை வைத்துக் கால் மணி நேரம் ஆர்வமாகப் பேசினோம். மூலத்தில் அது "வழி". அந்தப் பேச்சு முழுவதும் என் தட்டச்சுப் பிழையைப் பற்றியதாகப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

4. இடமும் நேரமும்

முதலில் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு பெயரளவிலேனும் இருக்கும். நூலகர் ஆர்வமுள்ளவராக இருந்தால் அதன்வழியே நடத்த இடம் கிடைக்கும். மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி தேவை என்று சொன்னால், என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதையும் நான்கு மாதப் பட்டியலையும் இணைத்துக் கடிதம் கொடுங்கள். இரண்டாம் பகுதியின் உழைப்பு இங்கும் பயன்படுகிறது. விடுமுறை நாளையும் பூட்டும் நேரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகம் அமையாவிட்டால் டியூஷன் சென்டர், தொழிற்சங்க அலுவலகம், தேவாலயத்தின் சிறு கூடம், பள்ளி வகுப்பறை என்று தேடலாம். திருமண மண்டபம் வேண்டாம். பெரிய இடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்தால் யாருமே வரவில்லை என்ற எண்ணம் தோன்றும். மொட்டை மாடி ஜனவரி முதல் மார்ச் வரை மிகவும் இனிமையானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை நம்பக் கூடாது. அந்த மாதங்களில் கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பாதியில் திரும்பவேண்டியிருக்கும். ஆகவே மழைக்காலக் கூட்டங்களுக்கு ரயிலிலோ மெட்ரோவிலோ வந்து நடந்து சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். 2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களுக்கு இது எளிதாகிவிட்டது. பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள் பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டியிருப்பதால், அவர்களுக்காகத் தொடக்கத்தில் பத்து நிமிடம் தளர்த்திக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை 4:30 முதல் 6:00 வரை என்று நிலையாக வைத்திருக்கிறோம். காலை நேரம் எங்கள் பகுதிக்கு ஒத்துவராது. காசிமேட்டில் ஞாயிறு காலைதான் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து வருபவர்களுக்கு மாலைதான் ஓய்வு.

எல்லோருக்கும் வசதியாக ஒவ்வொரு மாதமும் நாளை மாற்றிப் பார்த்தவர்கள் தோற்றுப்போனார்கள். மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு நிலையான நாளே உதவுகிறது. வாரம் ஒருமுறை மாறும் மூன்று ஷிப்ட் சுற்று மூன்று வாரத்தில் முடிகிறது. ஒரு மாதத்தின் இரண்டாவது ஞாயிறுக்கும் அடுத்த மாதத்தின் இரண்டாவது ஞாயிறுக்கும் இடையில் நான்கு வாரமோ ஐந்து வாரமோ இருக்கும். இரண்டுமே மூன்றால் வகுபடாதவை. எனவே இந்த மாதம் மதிய ஷிப்டில் மாட்டிக்கொண்டவர் அடுத்த கூட்டத்தன்று நிச்சயம் வேறு ஷிப்டில் இருப்பார். இதை ஒருவரிடம் கணக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் அங்கேயே தன் நாட்காட்டியில் ஆறு மாதத்துக்குக் குறித்துக்கொண்டார்.

5. அறிவிப்பு

இது எளிய வேலை, ஆனால் நீளமாகிவிடும் ஆபத்து உண்டு. நாள், நேரம், இடம், அருகிலுள்ள நிலையம், வாசிக்கப்போகும் பிரதி, "முன்கூட்டியே படிக்க வேண்டியதில்லை" என்ற ஒரு வரி ஆகியவை போதும். அந்தக் கடைசி வரியைத் தவறாமல் சேருங்கள். "எனக்கு இலக்கியம் எல்லாம் தெரியாதே" என்று தயங்குகிறவரை வாசலைத் தாண்டி உள்ளே அழைத்துவருவது அதுதான்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் மாலை ஒருமுறை என இரண்டே அறிவிப்புகள் போதும். தேநீர்க் கடை, ஜெராக்ஸ் கடை, நூலகப் பலகை ஆகியவற்றில் ஒட்டும் கையெழுத்துத் தாள் எங்களுக்கு நன்றாகவே ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறது.

6. தொண்ணூறு நிமிடங்களின் வரிசை

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியவர் உரையாற்றத் தொடங்கிவிடுவார். நமக்கு வேண்டியது உரையாடல்.

முதல் பத்து நிமிடத்தில் பெயரையும் வசிக்கும் பகுதியையும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தொழிலையும் படிப்பையும் கேட்காதீர்கள். "தமிழில் முனைவர் பட்டம் பெற்றவர்" என்று ஒருவர் சொன்ன உடனே, அடுத்துப் பேச வேண்டியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்து வாசிப்பு. இதை அவசரப்படுத்தாதீர்கள். ஒருவர் கவிதையை உரக்கப் படிக்கட்டும். பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் கண்ணால் படிக்கட்டும். பிறகு வேறொரு குரலில் மீண்டும் உரக்கப் படிக்கட்டும். குரல் மாறும்போது அழுத்தம் விழும் இடம் மாறும். முதலாமவர் நிறுத்திய இடத்தில் இரண்டாமவர் நிறுத்தாமல் போவார். பல நாட்களில் பேச்சு அங்கிருந்தே பிறக்கிறது. நடுவில் வரும் இரண்டு நிமிட மௌனம் புதிய நெறியாளர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

அதன்பின் நெறியாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது உங்களுக்குப் பிடித்ததா?" என்பதாக இருக்கக் கூடாது. பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். "கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?" என்பதும் வேண்டாம், அது தேர்வுத்தாளின் கேள்வி. "உங்களைத் தடுத்து நிறுத்திய சொல் எது? எத்தனையாவது அடியில்?" என்று கேளுங்கள். இதற்குத் தவறான பதில் என்று ஒன்று இல்லை. எல்லோராலும் தாளில் விரலை வைத்துக் காட்ட முடியும். வட்டத்தில் ஒவ்வொருவராக ஒரு சொல்லை மட்டும் சொல்லி முடிக்கட்டும். விளக்கம் பிறகு வரலாம்.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை இப்படித்தான் எடுத்தோம். நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட அளத்தற்கு அரியது என்று பாடல் தொடங்குகிறது. எது அப்படிப்பட்டது என்பது மட்டும் தெரிவதில்லை. மலைச்சரிவு வருகிறது, கரிய காம்புடைய குறிஞ்சிப்பூ வருகிறது, தேன் வருகிறது. நான்காம் அடியின் கடைசிச் சொல்லாக "நட்பே" என்று வந்த பிறகுதான் இவ்வளவும் எதைப் பற்றியது என்று புரிகிறது. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நாங்கள் தாளில் அச்சிடவில்லை. என்ன சொல் இருக்கும் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் எழுதச் சொன்னோம். "அன்பே", "காதலே", "நினைப்பே" என்று வந்தன. பிறகு பாடலின் சொல்லைச் சொன்னபோது, காதலைப் பாடும் பாட்டில் தலைவி ஏன் "நட்பு" என்றாள் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியே அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது.

அன்று காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், பல ஆண்டுகள் விசைப்படகில் போனவர், இரண்டாம் அடியில் விரலை வைத்தார். ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்குவதையும், திரும்ப இழுக்கும்போது இரண்டு கைகளையும் விரித்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்று எண்ணுவதையும் எழுந்து நின்று செய்து காட்டினார். "கயிறு தீந்துட்டா ஆழம் தீந்துடுச்சின்னு அர்த்தமில்ல. நம்மகிட்ட கயிறு இல்ல, அவ்ளோதான்" என்றார். அளத்தற்கு அரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உரையை நான் கேட்டதில்லை. தொழிலைக் கேட்காமல் தொடங்கினால் அவரவர் தொழில் தானாக, வேண்டிய இடத்தில், பிரதிக்கு வெளிச்சம் தரும்படி வந்து சேரும் என்பதை அன்று கண்டேன்.

கடைசிப் பதினைந்து நிமிடம் மிஞ்சும்போது, கவிஞரைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் தெரிந்தவர்கள் பேசலாம். அதை முன்னால் வைத்தால் எல்லோரும் அந்தச் செய்தியின் வழியாகவே கவிதையைப் பார்க்கத் தொடங்குவார்கள். முடிவில் மூன்றாம் முறையாக ஒருவர் கவிதையை உரக்கப் படிக்க, அதோடு கலையுங்கள். 6 மணிக்குப் பேச்சு சூடாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். சொன்ன நேரத்தில் முடிந்தால்தான் வீட்டில் சொல்லிவிட்டு வந்த பெண்கள் அடுத்த மாதமும் வர முடியும்.

7. பேச்சு தடம் மாறும் இடங்கள்

ஒருவரே நெடுநேரம் பேசுவது முதலாவது. இடைமறிக்கத் தயங்கும் நெறியாளர் "எந்த அடியை வைத்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். பேசுபவர் தாளைத் தேடும் அந்த இடைவெளியில் இன்னொருவரை அழைத்துவிடலாம். இதே கேள்வி அரசியலுக்கும் சினிமாவுக்கும் ஓடிவிட்ட பேச்சையும் திரும்பக் கொண்டுவரும்.

இரண்டாவது, உச்சரிப்பைத் திருத்துவது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உரக்கப் படிக்கும் ஒருவரின் ழகரத்தை நடுவில் திருத்தினால், அவர் அந்த அறையில் இனி வாயைத் திறக்க மாட்டார். எங்கள் பகுதியின் பேச்சுத் தமிழ் கேலிக்குரியதாகக் காட்டப்பட்டு வந்திருப்பதால், இங்குள்ள பலர் பொது இடத்தில் பேசும்போதே அஞ்சுகிறார்கள். படிப்பவர் படித்து முடிக்கட்டும். இரண்டாம் வாசிப்பு வேறு குரலில் நிகழும்போது சரியான ஒலி தானாகக் காதில் விழும். தங்கள் பேச்சுமொழியிலேயே கவிதையைப் பற்றிப் பேசலாம் என்பதையும் நெறியாளர் முதல் கூட்டத்திலேயே, தாமும் அப்படிப் பேசிக் காட்டித் தெளிவுபடுத்த வேண்டும்.

8. வாட்ஸ்அப் குழு, இரண்டாம் கூட்டத்துக்குப் பிறகு

நேரில் ஒருமுறை பேசிப் பழகியவர்களின் குழு நிதானமாக இருக்கிறது. முகம் தெரியாதவர்களைக் கொண்டு தொடங்கிய குழு ஒரே வாரத்தில் காலை வணக்கப் படங்களால் நிரம்பிவிடுகிறது. ஆகவே இரண்டு கூட்டம் முடிந்த பிறகே தொடங்குங்கள்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். குழுவில் இருப்பவர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பெண்கள் அடுத்தடுத்து விலகியதற்குக் காரணம், கவிதையைப் பற்றிப் பேச என்று சொல்லிக்கொண்டு தனிச்செய்தி அனுப்பியவர்கள்தாம். குழுவில் கேட்டு ஒப்புதல் பெறாமல் யாருக்கும் தனியே எழுதக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதி வையுங்கள். மீறியவரை எச்சரிக்காமலே நீக்குங்கள்.

மாதப் பிரதியைப் படமாகவும் எழுத்தாகவும் இரண்டு விதமாக அனுப்புங்கள். படத்தில் அடிகள் மூலத்தில் உள்ளபடியே நிற்கும். எழுத்து வடிவம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வேண்டும், திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் நன்றாகப் படித்துச் சொல்லும். எழுத்து வடிவத்தை 30 நாளுக்குக் குழுவின் உச்சியில் நிற்கும்படி "பின்" (pin) செய்துவைத்தால் மேலே தேடிப் போகத் தேவையில்லை.

பேச்சுக்கென்று ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் புதன் இரவு 9 முதல் 10 வரை மட்டும் எல்லோரும் எழுதலாம். மற்ற நேரங்களில் அட்மின் மட்டும் அனுப்பும்படி அமைத்திருக்கிறோம். ஒரு கேள்வி, ஒரு கவிதை, ஒரு மணி நேரம். எழுதத் தயங்குகிறவர்கள் ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு அனுப்பலாம். தட்டச்சு வராததால் பேசாமல் இருந்தவர்கள் இந்த வழியில் மிகவும் அழகாகப் பேசியிருக்கிறார்கள். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டிப் பதில் எழுதும் வசதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பது தெரியாமல் வீண் மனக்கசப்பு வரும்.

9. உறுப்பினர்கள் எழுதிய கவிதைகள்

மூன்றாவது மாதத்தில் யாராவது ஒருவர் மடித்த தாளைப் பையிலிருந்து எடுப்பார். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றே படிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தை அதற்கு ஒதுக்கி, மற்றக் கவிதைகளைப் போலவே அச்சிட்டு, எழுதியவர் பெயரில்லாமல் கொடுங்கள். எழுதியவர் அந்த இருபது நிமிடமும் பேசக் கூடாது. அவர் விளக்கத் தொடங்கினால் தாளில் இல்லாத கவிதையை நாம் பேச ஆரம்பித்துவிடுவோம். "அருமை", "பிரமாதம்" என்ற சொற்களை அனுமதிக்காதீர்கள். தடுத்து நிறுத்திய சொல் எது என்ற அதே கேள்வி இங்கும் போதும்.

கானா பாடுகிறவர்கள் வந்தாலும் இதே மரியாதை. பாடட்டும், பிறகு வரிகளைத் தாளில் எழுதிவைத்துப் பேசுங்கள். எதுகை எங்கே வந்து விழுகிறது, எந்த இடத்தில் தாளம் மாறுகிறது என்பவற்றைச் செய்யுளுக்குக் கேட்பதுபோலவே கேட்கலாம்.

10. விருந்தினரும் வெளி நிகழ்ச்சிகளும்

முதல் ஆறு மாதம் விருந்தினர் வேண்டாம். விருந்தினர் வந்தால் வட்டம் கூட்டமாகிவிடும். பிறகு அழைக்கும்போது, அவர் பேச வேண்டிய நேரம் இருபது நிமிடம் என்பதையும், மீதி நேரம் தம் கவிதையை மற்றவர்கள் பேசுவதை அவர் கேட்க வேண்டும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லத் தயங்கிய ஒரு மாதத்தில் வந்தவர் எழுபது நிமிடம் பேசினார். பிரதிகள் கையிலேயே இருந்தன, எவரும் திறக்கவில்லை.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போங்கள். அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோ வழியிலேயே நந்தனம் நிலையம் இருப்பதால் மாறாமல் போய்வரலாம். பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்து வார நாளில் போனால் நெரிசல் குறைவு. புறப்படும் முன் ஆளுக்கு ஒரு நூல் என்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கியவற்றை வட்டத்துக்குள் மாற்றிப் படித்தால் ஓராண்டுக்குத் தேவையான பிரதிகள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

11. பணமும் குறிப்பேடும்

நுழைவுக் கட்டணம் வேண்டாம். வாசலருகே ஒரு டப்பாவை வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். செலவு ஜெராக்ஸும் தேநீரும்தான். ஒவ்வொரு கூட்டத்தின் கணக்கையும் குழுவில் இரண்டு வரியில் போட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதங்களில் மீனவ நண்பர்கள் தவறாமல் வருவார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அப்போது டப்பாவையே எடுத்து வைத்துவிடுகிறோம். அந்த மாதங்களில் நேரம் கூடுதலாகக் கிடைப்பதால் சற்று நீளமான பிரதிகளை அப்போது வைக்கிறோம்.

குறிப்பேட்டில் நாள், பிரதி, வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, அன்று அதிகம் பேசப்பட்ட அடியையும் எழுதுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து வராதவருக்கு நெறியாளர் போன் செய்யட்டும். ஏன் வரவில்லை என்று கேட்காமல், அவர் தவறவிட்ட கவிதையின் அந்த அடியை மட்டும் போனில் படித்துக் காட்டட்டும்.